தூர நின்று இயக்கும் நீர்க்குழாயும் நிலத்தடித் தீயும்

கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்ஸை அறியாத தமிழர் நம் நாட்டில் மிகச் சிலரே இருப்பர். தோட்டப்புறத்திலிருந்து தலைநகர் வருவோர் கோவிலுக்கென்றும், துணிமணி எடுக்கவென்றும், பூமாலை வாங்கவென்றும் அங்குச் சென்று திரும்புவது வழக்கம். அப்பகுதிக்குப் பெயர் வந்தது செங்கற்சூளையால். அந்தச் சூளை வந்ததோ ஒரு தீயால்.

1881ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அந்நாளைய கோலாலம்பூர் பற்றி எரிந்தது. பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக நெருக்கியடித்து நின்ற கடைவீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாம்பலாயின. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளமும் வந்து எஞ்சியதைக் கொண்டுபோயிற்று. சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் ஆதல் வேண்டும் என 1884ல் பணித்தார். அதற்கு வேண்டிய செங்கல்லை அறுக்கக் களிமண் மிகுந்த இவ்விடத்தில் சூளைகள் எழுந்தன. அதற்கு ஓராண்டு முன்னதாக, 1883ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், எச்.எஃப். பெல்லாமி என்பவர் தலைமையில் சிலாங்கூர்த் தன்னார்வத் தீயணைப்புப் படை தொடங்கப்பெற்றது. இன்று நாம் பொம்பா என்று அழைக்கும் மலேசியத் தீயணைப்பு மீட்புத் துறையின் வரலாறு அந்நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது.

இந்தப் பழங்கதையை இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நகரம் அன்று தீயணைக்கும் படையை மட்டும் ஏற்படுத்தி அமைதி அடைந்துவிடவில்லை. எரியக்கூடிய பொருளையே மாற்றிற்று. குழாயும் வேண்டும், கூரையும் மாற வேண்டும் என்று உணர்ந்தது. தூர நின்று இயக்கும் நீர்க்குழாய்களைப் பற்றி இக்கட்டுரையில் அறிந்துகொள்ளப் புகும் நாம், இதனை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் செய்தி எளிதில் விளங்கும்.

ஏன் தூர நிற்க வேண்டும்?

வீட்டுக்குப் பின்னால் பூச்செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர்க் குழாயை முழு வேகத்தில் திறந்து கீழே போட்டுவிட்டால் என்ன நேரும் என்பதைப் பிள்ளைகள் கூட அறிவர். தலையை நசுக்கிய பாம்பு போல அது துள்ளும். முன்னே பாயும் நீர் குழாயைப் பின்னே தள்ளுகிறது, அதுவே காரணம். தீயணைப்புக் குழாயிலோ நீரின் அளவும் அழுத்தமும் பன்மடங்கு. வினாடிக்கு 6 லிட்டருக்குச் சற்று மேல் நீரைப் பெரும் அழுத்தத்தில் பீய்ச்சினால், பின்னுதைப்பு ஏறக்குறைய 30 கிலோ எடை அழுத்துவதற்குச் சமமாகிறது. ஏறத்தாழ அரிசி மூட்டை ஒன்றின் பாரத்தை நெஞ்சோடு தாங்கிக்கொண்டு, முகத்தில் அனல் அடிக்க, கண்ணில் புகை எரிய, மணிக்கணக்கில் ஒருவர் நிற்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே ஒரு குழாயை இருவரோ மூவரோ பிடிக்கின்றனர். காற்றுத் திசை மாறினால் அவர்கள் அனைவரின் உயிருக்கும் ஆபத்து.

மனிதன் நிற்கக் கூடாத இடத்தில் குழாய் மட்டும் நிற்கட்டும் என்ற எண்ணம் இதிலிருந்தே பிறந்தது. தீயணைப்பு வண்டியின் கூரைமேல் பொருத்தப்பட்ட நீர்ப்பீரங்கியை வண்டிக்குள் அமர்ந்தவாறே ஒரு கைப்பிடியால் திருப்பி இயக்குவது இவ்வகையில் எளிய முறை. எண்ணெய்க் கிடங்குகள் உள்ள இடங்களில் இத்தகைய பீரங்கிகளை நிலையாக நிறுத்தி வைத்து, பாதுகாப்பான தூரத்திலிருந்து இயக்குகிறார்கள்.

இதற்கு அடுத்த படியாகத் தோன்றியது நடமாடும் இயந்திரம். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற நோத்ருதாம் தேவாலயம் எரிந்தபொழுது, கூரை இடிந்து விழும் அபாயத்தால் வீரர்களை உள்ளே அனுப்பத் தயங்கிய வேளையில், கொலோசஸ் என்னும் இயந்திரம் குழாயை இழுத்துக்கொண்டு உள்ளே சென்று நீரைப் பாய்ச்சியது. புல்டோசரைப் போலச் சங்கிலிச் சக்கரத்தில் ஊர்ந்து செல்லும் வகை அது. 2020ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தீயணைப்புத் துறையும் அவ்வகை இயந்திரம் ஒன்றைப் பணியில் சேர்த்தது. நிமிடத்திற்கு 9,000 லிட்டருக்கு மேல் நீரைப் பாய்ச்சும் ஆற்றல் அதற்கு உண்டு.

இவற்றையெல்லாம் விஞ்சிய புதுமை ஒன்றை ஜப்பானியர் செய்து காட்டினர். குழாயின் பின்னுதைப்பைத் தொல்லை என்றுதானே இதுவரை கூறினோம்? அந்தத் தொல்லையையே துணையாக்கினார்கள் அவர்கள். நான்கு மீட்டர் நீளமுள்ள குழாயின் நடுவிலும் தலையிலும் எட்டு நீர்த்தாரைகளைக் கீழ்நோக்கிப் பீய்ச்சச் செய்தார்கள். அவற்றின் உதைப்பினால் குழாய் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் மிதந்து, தலையை இங்கும் அங்கும் திருப்பித் தீயைத் தேடுகிறது. வெப்பத்தைக் காணும் கேமராவும் அதன் தலையில் உண்டு. பின்னால் தள்ளுவண்டியில் அமைந்த கருவியிலிருந்து ஒருவர் அதனை இயக்குகிறார். பறக்கும் நாகம் போன்ற இதற்கு டிராகன் என்று பெயர் சூட்டியதில் வியப்பில்லை. இதன் அமைப்பு விவரம் 2023ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிடப்பட்டது. இது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. நடைமுறைக்கு வரச் சுமார் பத்தாண்டுகள் ஆகலாம் என்று அதனைச் செய்தவர்களே மதிப்பிட்டிருக்கிறார்கள்.

மேற்சொன்னவை கட்டடத் தீக்கு உரியவை. காட்டுத் தீக்கோ ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரை அடுத்த ரிபாரோஜா, பத்தெர்னா என்னும் ஊர்களில் கண்ட ஏற்பாடு நமக்கு அதிகப் பாடம் தருவது. அங்கே வீடுகளும் பைன் மரக்காடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. காட்டின் விளிம்பில், மர உச்சிக்கும் மேலாக உயர்ந்த கம்பங்களை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நீர்ப்பீரங்கியைப் பொருத்தியிருக்கிறார்கள். தொலைவில் உள்ள கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து அவற்றை இயக்கலாம். ஊர்ச் சாக்கடை நீரைச் சுத்திகரித்து அதற்குப் பயன்படுத்துகிறார்கள். கவனிக்க வேண்டியது யாதெனில், அப்பீரங்கிகளின் முதல் வேலை எரியும் தீயை அணைப்பது அன்று. தீ வந்து சேரும் முன்பே, வறண்ட நாட்களில் காட்டின் விளிம்பை நனைத்து ஈரமாக வைப்பதே அவற்றின் தலையாய வேலை. பற்றிய பின் அணைப்பதைவிடப் பற்றாமல் நனைப்பதற்கு நீர் குறைவாகவே செலவாகும் என்பதை அவ்வூரார் அறிந்திருக்கிறார்கள்.

ஒரு சிறு கணக்கு

ஆசிரியப் பயிற்சி பெற்றவனுக்குக் கரும்பலகை இல்லாவிடினும் கணக்குப் போடும் பழக்கம் போகாது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஜப்பானியரின் டிராகன் வினாடிக்கு 6.6 லிட்டர் நீரைச் செலவிடுகிறது. அதனோடு இணைக்கப்பட்ட வண்டியின் தொட்டி 14,000 லிட்டர் கொள்ளும். அப்படியாயின் அத்தொட்டி எவ்வளவு நேரத்துக்குப் போதும்? ஏறக்குறைய 35 நிமிடம். அதற்குப்பின் நாகம் தரையில் படுத்துவிடும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் விழும் நீரின் அளவு ஒரு லட்சம் லிட்டருக்கும் சற்று அதிகம். அந்த ஓர் அங்குல மழைக்கு ஈடான நீரை அவ்வண்டியால் கொண்டுவர வேண்டுமாயின் ஏழு நடைக்கு மேல் ஆகும். குழாய் வழியே பாய்ச்ச நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓர் ஏக்கருக்கு மட்டுமே இக்கணக்கு. மாலையில் அரைமணி நேரம் கொட்டும் மழை நமக்குச் செய்யும் உதவி எத்தகையது என்பது இதனால் விளங்கும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை மேலே குறிப்பிட்டோம். 2025ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அந்நகரைச் சூழ்ந்த காட்டுத் தீ உலகையே அதிர வைத்தது. இயந்திரங்களுக்கோ பயிற்சி பெற்ற வீரர்களுக்கோ அங்குக் குறைவில்லை. எனினும் பாலிசேட்ஸ் என்னும் மலைப்பாங்கான பகுதிக்கு நீர் கொடுத்த மூன்று பெருந்தொட்டிகளும், ஒவ்வொன்றும் பத்து லட்சம் கேலன் கொள்ளக்கூடியவை, தீ தொடங்கிய மறுநாள் விடியுமுன் வற்றிவிட்டன. மேட்டுப் பகுதியில் இருந்த தெருக்குழாய்கள் அழுத்தம் இழந்தன. வீரர்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு வெறுங்கையினராய் நின்றார்கள்.

தோட்டங்களில் இதைப் பற்றிப் பேசும்பொழுதெல்லாம், தண்ணீர்க் குழாயைத் தூரத்திலிருந்து இயக்கலாம், சரி. தண்ணீரை எங்கிருந்து கொண்டுவருவது என்ற கேள்வியை யாரேனும் ஒருவர் எழுப்பாமல் இருப்பதில்லை. பெரும்பாலும் அது பின்வரிசையில் அமர்ந்திருக்கும் முதிய தாயாராக இருப்பார். தண்ணீர்த் தொட்டியடியில் வரிசை பிடித்து நின்ற தலைமுறை அது; அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தீ

நம் நாடு மழைநாடு. இங்கே காட்டுத் தீ ஏது என்று கேட்போர் உண்டு. ஸ்பெயினையும் அமெரிக்காவையும் போல நம் காடு உச்சிக்கு உச்சி தாவி எரிவதில்லை என்பது உண்மையே. நம்முடைய தீ காலுக்குக் கீழே எரிவது.

கிள்ளான், கோல லங்காட், கோல சிலாங்கூர் வட்டாரங்களில் மலாய் மொழியில் தானா கம்புட் என்று அழைக்கப்படும் நிலம் பரந்து கிடக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மரமும் இலையும் வேரும் நீரில் விழுந்து, முழுதும் மக்காமல், ஒன்றின்மேல் ஒன்றாய்ப் படிந்து உண்டான கறுப்பு மண் அது. மண் என்று சொல்வதைவிட ஊறிய விறகுத்தூள் என்று சொல்வது பொருந்தும். இயற்கையான நிலையில் அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீரே. நீர் உள்ளவரை அதில் தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டாலும் பற்றாது. பயிரிடுவதற்காகவும் வீடு கட்டுவதற்காகவும் கால்வாய் வெட்டி அந்த நீரை வடித்துவிட்டால், எஞ்சுவது பல அடி ஆழத்துக்கு அடுக்கி வைத்த எரிபொருள்.

அது எரியும் விதமும் வேறு. சுவாலை பெரும்பாலும் தெரியாது. சாம்பிராணித் தட்டில் கனலும் கரியை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வாறே மண்ணுக்குள் புகைந்து புகைந்து, பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் மெல்லப் பரவும். ஈரம் கண்ட இடத்தில்தான் நிற்கும். அதாவது, நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அந்த ஆழம் வரை தீ இறங்க இடமுண்டு. மேலே அணைந்துவிட்டது என்று வீடு திரும்பிய பின், நாட்கள் கழித்து நூறு அடிக்கு அப்பால் புகை எழுவதும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், கோல லங்காட் பக்கத்தில் இவ்வாறு எரிந்து தணிந்த நிலம் ஒன்றை நேரில் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பார்வைக்கு அது சாதாரணக் கரம்பு நிலம். பாதையை விட்டு ஓரடி எடுத்து வைத்தபொழுது, உடன் வந்த தீயணைப்பு வீரர் என் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். கையிலிருந்த கம்பை அவ்விடத்தில் ஊன்றிக் காட்டினார். அது முழங்கால் ஆழத்துக்கு எளிதாக இறங்கிற்று. மேல்தோல் மட்டும் அப்படியே இருக்க, அடியில் மண் எரிந்து பள்ளமாகிக் கிடந்தது. உள்ளே கங்கு இருந்திருந்தால் என் கால் என்னவாகியிருக்கும் என்பதை நான் இங்கு விவரிக்க வேண்டியதில்லை. குழாயைத் தூர நின்று இயக்குவதன் அருமையை அன்றுதான் உளமார உணர்ந்தேன் என்று சொல்லவேண்டும். இத்தகைய நிலத்தில் நம் வீரர்கள் பலகைகளைப் போட்டு அதன்மேல் நடந்து குழாயை இழுத்துச் செல்கிறார்கள்.

எனினும், அதே நிலத்தில்தான் அக்கருவியின் எல்லையும் புலப்படுகிறது. எத்தனை வலிய பீரங்கியாயினும் அது நீரை மேற்பரப்பில்தான் கொட்டும். நன்றாகக் காய்ந்துவிட்ட கம்புட் மண்ணோ நீரை எளிதில் உறிஞ்சுவதில்லை. மாவுப் பாலைத் தண்ணீரில் கொட்டினால், மேலே நனைந்தும் உள்ளே தூளாகவே கட்டிக்கட்டியாய் மிதப்பதைக் கண்டிருப்பீர்கள். அதைப் போன்றதே இது. ஆகையால் நீருடன் நுரை தரும் மருந்தைக் கலந்து அடிக்கிறார்கள். அது நீரை மண்ணுக்குள் இறங்கச் செய்கிறது. கூர்முனையுடைய நீண்ட குழலை மண்ணுக்குள் குத்தி நீரை நேரே உள்ளே செலுத்தும் முறையும் உண்டு. ஹெலிகாப்டரில் வாளி தொங்கவிட்டு மேலிருந்து நீர் கொட்டுவது கண்ணுக்குப் பெருங்காட்சி. படரும் சுவாலையை அது அடக்கும். அடியில் கனலும் கங்கை அணைக்க அது மட்டும் போதாது.

கிள்ளானை அடுத்த ஜோஹான் செத்தியா என்னும் ஊரின் பெயர் வறண்ட காலங்களில் செய்தியில் மீண்டும் மீண்டும் வருவதைக் கேட்டிருப்பீர்கள். கம்புட் நிலத்தில் அமைந்த காய்கறித் தோட்டங்கள் அங்கு மிகுதி. அறுவடை முடிந்த செத்தைக்கு வைக்கும் தீ மண்ணுக்குள் இறங்கிவிட்டால், சுற்றிலுமுள்ள குடியிருப்புகளில் சன்னலைத் திறக்க முடியாது. பிள்ளைகள் இருமுவர், முதியோர் மூச்சுக்குத் திணறுவர். அப்புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் உள்ளன. அவை மூக்கிலும் தொண்டையிலும் நில்லாமல் நுரையீரலின் ஆழம் வரை செல்பவை. நம் நாட்டின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டில் இந்நுண்துகள்களையும் 2018 முதல் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். குறியீடு 100ஐத் தாண்டினால் உடல்நலத்துக்குக் கேடு. 300ஐத் தாண்டினால் பேராபத்து. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அது 500ஐத் தாண்டியதால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அன்றைய புகையில் பெரும்பகுதி சுமத்ராவிலிருந்து கடல் கடந்து வந்தது என்பது உண்மை. ஆனால் மூச்சு விடும் பிள்ளைக்கு இது எவ்வூர்ப் புகை என்ற பேதம் தெரியாது.

நீரை நிலத்தில் நிறுத்துதல்

கம்புட் நிலத்துக்கு உகந்த நீர்ப்பீரங்கி எது என்று என்னைக் கேட்டால், வாய்க்காலில் வைக்கும் தடுப்புப் பலகை என்பேன். சிரிக்க வேண்டாம்.

வட சிலாங்கூரில் 70,000 எக்டருக்கும் மேற்பட்ட கம்புட் சதுப்புக் காடு இருக்கிறது. அதன் ஒரு பகுதியாகிய ராஜா மூசா வனக் காப்பகம் 1990ல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் மரம் ஏற்றிச் செல்லவும் நிலம் திருத்தவும் வெட்டப்பட்ட கால்வாய்கள் அதன் நீரை வடித்துக்கொண்டே இருந்தன. வறண்ட ஆண்டுகளில் அங்குத் தீ மூண்டது. 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும், சுற்று வட்டார மக்களும் மாணவரும் தொண்டர்களும் சேர்ந்து அக்கால்வாய்களுக்குக் குறுக்கே மணல் மூட்டையாலும் மரத்தாலும் தடுப்புகள் அமைத்தார்கள். வடிந்த நீர் தேங்கிற்று. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. ஈரம் கண்ட நிலத்தில் மாஹாங் போன்ற மரக்கன்றுகளை நட்டார்கள். அத்தடுப்புக்கு மின்சாரம் வேண்டியதில்லை. தூர நின்று இயக்க ஆளும் வேண்டியதில்லை. இரவும் பகலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது.

செம்பனை பயிரிட்ட கம்புட் நிலங்களில் நீர்மட்டத்தைத் தரைக்குக் கீழே 40 முதல் 60 சென்டிமீட்டருக்குள் வைத்திருப்பது நல்ல முறை எனப் பரிந்துரைக்கப்படுகிறது. அதற்குக் கீழே போக விட்டால் மண் காய்வதோடு நிலமும் ஆண்டுக்காண்டு தாழ்ந்துகொண்டே போகும். நீர்மட்டம் குறைந்த இடங்களில் குழாய்க் கிணறு தோண்டி, நிலத்தடி நீரை இறைத்து மேலே விடுவதும் உண்டு. நீர்ப்பீரங்கிக்கு வேண்டிய நீரும் அக்கிணற்றிலிருந்தும் தடுத்த வாய்க்காலிலிருந்தும்தான் கிடைக்கும். ஆக, தடுப்புப் பலகை இல்லாத இடத்தில் பீரங்கியும் வெறும் இரும்பே.

வறட்சி எப்பொழுது கடுமையாகும் என்பதை முன்னரே சொல்லவும் இன்று வழியுண்டு. கனடா நாட்டு முறையைத் தழுவி 2003 முதல் நம் வானிலை ஆய்வுத் துறை தீ அபாய அளவை நாள்தோறும் கணித்து வருகிறது. நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என நான்கு நிறங்களில் அதனை வரைபடமாக வெளியிடுகிறது. சிவப்புக் காட்டும் நாளில் ஒரு சிகரெட்டுத் துண்டு போதும்.

ரப்பர்த் தோட்டத்தில் இதற்கு என்ன தொடர்பு?

நம் ரப்பர்த் தோட்டங்களில் பல கம்புட் நிலத்தில் இல்லை; மேட்டு நிலத்திலும் களிமண்ணிலும் உள்ளன. ஆகவே நமக்கு அச்சமில்லை என்று இருந்துவிடலாகாது. ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலத்தை எண்ணிப் பாருங்கள். நிரைக்கு நிரை கணுக்கால் ஆழத்துக்குச் சருகு. நடந்தால் அப்பளம் நொறுங்குவது போன்ற ஓசை. நிழல் தந்த இலையெல்லாம் கீழே கிடக்க, வெயில் நேரே தரையில் விழுகிறது. மழை குறைந்த காலமும் அதுவே. வேலியோரத்தில் லாலாங் புல் காய்ந்து நின்றால் சொல்லவே வேண்டாம்; வேர் மண்ணுக்குள் பத்திரமாக இருக்க, மேலே காகிதம் போல் எரிந்து, மறு மழையில் முன்னினும் செழித்து வளரும் புல் அது.

சருகுத் தீ பெரும்பாலும் மரத்தை வேரோடு சாய்ப்பதில்லை. அதனாலேயே பலர் அதனை அலட்சியம் செய்கின்றனர். ஆனால் பால் வெட்டுபவருக்குத் தெரியும், ரப்பர் மரத்தின் செல்வம் முழுவதும் அதன் பட்டையில் இருக்கிறது என்பது. தரையோடு ஓடும் தீயின் வெப்பம் தாக்குவது வெட்டுப் பட்டை உள்ள அந்த அடிமரத்தைத்தான். பட்டை வெடிக்கும், பால் கசியும், பின் பூச்சி துளைக்கும். புதுப்பட்டை திரும்ப வளர ஆண்டுகள் ஆகும். இளங்கன்று நட்ட நிலமாயின் ஒரே பிற்பகலில் எல்லாம் போய்விடும். அந்த நிரையை நம்பியிருந்த குடும்பத்தின் வருமானமும் அதனோடு போகும்.

நான் சிறுவனாயிருந்தபொழுது எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு மாலை லாலாங் தீ புகுந்தது. குப்பைக்கு வைத்த தீதான். வைத்தவர் எங்கள் குடும்பத்தாரே என்பதை இன்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. பெரியவர்கள் பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்தார்கள். மருந்தடிக்கும் பம்புகளில் தண்ணீர் நிரப்பி முதுகில் சுமந்து ஓடினார்கள். தொட்டித் தண்ணீர் கால்மணி நேரத்தில் தீர்ந்தது. ஒரு பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டும் இரண்டு நிரை இளமரமும் எரிந்தபின், அல்லூருக்கு இப்பால் எரியப் பொருள் இல்லாமல் தீ தானாகவே நின்றது. அதற்கு முந்திய வாரம் அல்லூர்க் கரையைச் செதுக்கிச் சுத்தம் செய்திருந்தார்கள் என்பதை அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அணைத்தது தாங்களே என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

எல்லைக் கோட்டில் பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்குச் சருகும் புல்லும் நீக்கிய வெற்றுப் பாதை ஒன்று இருந்தால், தரைத்தீ அதைத் தாண்டுவது அரிது. இலையுதிர் காலத்தில் காற்று புதுச் சருகைக் கொண்டுவந்து கொட்டுமாதலால், ஒரு முறை கூட்டினால் போதாது. பழைய மரங்களை வெட்டி மறுநடவு செய்யும் நிலத்தில், மரத்தை எரிக்காமல் சிதைத்து மண்ணிலேயே மக்கவிடும் முறை இன்று வழக்கத்தில் உள்ளது. திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. அதற்கு அபராதமும் சிறையும் உண்டு. தீ வைத்தவர் இன்னாரெனத் தெரியாவிடினும், நிலத்தை வைத்திருப்பவர் பதில் சொல்ல நேரும். லயத்துக்குப் பின்னால் குப்பை கொளுத்துவதும் இதில் அடங்கும்.

தோட்டத்தில் இளைஞர்கள் இருந்தால், தன்னார்வத் தீயணைப்புப் படை அமைப்பதைப் பற்றி அருகிலுள்ள பொம்பா நிலையத்தில் கேட்டறியலாம். 1883ல் சிலாங்கூரில் தொடங்கியதும் தன்னார்வப் படையே என்பதை மேலே கண்டோம்.

தீயைக் கண்டால் 999 எண்ணை அழைக்க வேண்டும் என்பது அனைவரும் அறிந்ததே. அழைத்தபின் என்ன சொல்வது என்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் வண்டி அலுவலக வாசலில் வந்து நிற்கும். தீ மூன்று மைல் உள்ளே எரியும். எத்தனையாம் நம்பர்க் காடு, எந்தச் சாலை வழியாக நுழைய வேண்டும், வழியில் உள்ள மரப்பாலம் தண்ணீர் நிரம்பிய பெரிய வண்டியைத் தாங்குமா என்பவற்றைச் சொல்ல வேண்டும். தாங்காது எனில் மாற்று வழி எது என்பதையும் சொல்ல வேண்டும். முச்சந்தியில் ஒருவர் டார்ச் விளக்குடன் நின்று வழி காட்டினால் அரைமணி நேரம் மிச்சம்.

அனைத்தினும் முதன்மையாக, பம்பை இறக்கி உறிஞ்சக்கூடிய நீர் எங்கே உள்ளது என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். குளமா, ஆறா, தடுத்த வாய்க்காலா, பழைய ஈயக்குட்டையா, அது வறண்ட மாதத்தில் எத்தனை அடி ஆழம் நிற்கும், வண்டி அதன் கரை வரை போகுமா என்பதை இந்த வாரமே ஒரு மாலை நடந்து சென்று பார்த்து, பெரட்டுக் களத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டி வையுங்கள்.